படிக்காமல் வரவும்

ஆடி 28, புதன்

காலையிலேயே புழுக்கம். சட்டை முதுகோடு ஒட்டல். ரயிலடி வண்டி ஸ்டாண்டில் நெருக்கடி, விழுப்புரம் பாசஞ்சர் பிடிக்கிறவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில். சாக்பீஸ் தீர்ந்து, செங்கல் துண்டால் வண்டி சீட்டில் நம்பர். பேங்க் அம்மாள் சண்டை. "இன்னா பெரியவரே, சீட்டு கீறிப்போச்சி." "கீறல் இல்லம்மா, திருஷ்டிப் பொட்டு" என்றேன். சிரிக்காமல் போனாள். சிரிக்காத ஆளுக்கு வாடகை டபுளாக்க வேண்டும்.

வாங்க: சாக்பீஸ். மூட்டுத் தைலம். டோக்கன் கோக்கக் கம்பி. பேத்திக்கு டிபன் பாக்ஸ், மூடி இறுகினது.

பேத்தி சுபா. மகள் மல்லிகா பெற்ற ஒரே பெண். வி.புரம் இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. எங்கள் வகையறாவில் முதல் ஆள். மாப்பிள்ளை லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம். செய்தி கேட்டு போனில் அழுதாராம்.

சாயந்திரம் சுபா போனில் காலேஜ் மெசேஜ். உரக்கப் படித்தாள். திங்கட்கிழமை புதுப் பிள்ளைகளுக்குக் கணக்கில் ஒரு ப்ளேஸ்மெண்ட் டெஸ்ட். யாருக்கு எந்த வகுப்பு பொருந்தும் என்று பார்க்க மட்டும். மார்க் எதிலும் சேராது. இதற்கென்று படிக்காமல் வரவும்.

கடைசி வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். படிக்காமல் வரவும். அப்படியேதான் இருந்தது.

"எந்த வாத்தியாராவது படிக்காம வான்னு சொல்லுவானா? நாம ஏமாறுறமான்னு பாக்கறான்" என்றேன்.

மல்லிகா: "அப்ப ரொம்ப கஷ்டமாத்தான்ப்பா இருக்கும். அதான் நைசா சொல்றாங்க."

மூன்று பேரும் ஒரு மனதாக முடிவு. டபுளாகப் படிப்பது.

ஆடி 29, வியாழன்

மூட்டு பரவாயில்லை. தைலம் நாற்றத்தில் நாய்கூடக் கிட்டே வரவில்லை.

மல்லிகா வேலை பார்க்கிற ஷூ கம்பெனியில் சொல்லிவிட்டாள், பெண் சேர்ந்த உடனே ப்ளேஸ்மெண்ட் என்று. லைனில் எல்லாரும் வேலையே கிடைத்துவிட்டதாக நினைத்துக் கை குலுக்கினார்களாம். "அது வேலைக்கு இல்லம்மா" என்று சுபா தலையில் அடித்துக்கொண்டாள். மல்லிகா மறுத்துச் சொல்லப் போவதாகத் தெரியவில்லை.

சதீஷ் வண்டி விட வந்தான். பெருமுக்கல் பையன், அதே காலேஜில் மூன்றாம் வருஷம், சீப்பு பாக்கெட்டிலேயே இருக்கும். டெஸ்ட்டைப் பற்றி விசாரித்தேன்.

"வருஷா வருஷம் அதே பேப்பரு பெரியவரே. நம்பரக்கூட மாத்த மாட்டாங்க. எங்க செட்டு பசங்க எழுதிட்டு வந்து ஞாபகமா எழுதி வச்சிக்கீறானுங்க, ஆன்சரோட."

"அதக் குடு. ஒரு வாரம் உன் வண்டி ஃப்ரீ."

போனில் இருந்ததைப் பக்கத்து ஜெராக்ஸ் கடை காசிம் பாயிடம் பிரிண்ட் எடுத்தோம். பாய் கோட்டக்குப்பத்து ஆள். மகன் ஷார்ஜாவில். பேத்தி ரிஸ்வானாவும் சுபாவோடு அதே காலேஜில் சேர்ந்திருக்கிறது. ஸ்கூட்டியை என்னிடம்தான் விடும். ஆளுக்கு ஒரு காப்பி.

பாய்: "தப்பில்லயாய்யா இது?"

"உன் மிஷின்ல இதுவரைக்கும் நல்லதா மட்டும்தான் வந்துச்சா?" என்றேன். மிஷினைத் துடைக்கப் போய்விட்டார்.

ஆடி 31, சனி

வெயில். வேர்க்கடலைக்காரன் வரவில்லை. வேக வைத்த மல்லாட்டை இல்லாத சனிக்கிழமை, சனிக்கிழமையே இல்லை.

சுபா ஸ்டாண்டிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தது. கேள்வி எனக்குப் புரியாது. ஏழாவதோடு நின்றவன். ஆனால் விடை ஏ, பி, சி, டி நான்கே எழுத்து. அது தெரியும். பேப்பரை நான் பிடித்துக்கொண்டேன்.

"ஒம்போது?"

"டி."

"பதினாலு?"

"ஏ."

"இருவத்திரெண்டு?"

"பி. இல்ல, இல்ல, சி."

தலையில் ஒரு செல்லக் குட்டு. வண்டி எடுக்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள். ஒரு வாத்தியார்கூட, "பிரமாதம் பெரியவரே, கிளிப்பிள்ள மாதிரி சொல்லுது" என்றார்.

நடுவில் ஒரு தரம், "பதினாலுக்கு ஏன் ஏ-ன்னு புரியல தாத்தா" என்றாள்.

"ஏன்னு சொன்னா மார்க்கு போடுவானா? ஏ-ன்னு சொன்னாதான் போடுவான்." எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு கேட்கவில்லை. பன்னிரண்டாவது கணக்கையே இப்படித்தான் புத்தகத்தோடு விழுங்கியது. டியூஷன் சார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாராம்.

ரிஸ்வானா பேப்பரைத் தொடவே இல்லை. கோட்டக்குப்பத்தில் மாமன் மகள் கல்யாணமாம்.

ஆவணி 2, திங்கள்

தூறல். தார்ப்பாய் ஓட்டை வழியாக என் தலையில் மட்டும்.

சாயந்திரம் சுபா ஓடிவந்தது. "அதே பேப்பரு தாத்தா! அதே நம்பரு!" மூச்சு வாங்கல். எல்லாருக்கும் முன்னால் எழுதி முடித்து உட்கார்ந்திருந்ததாம். வெயில் அடித்த மாதிரி முகம்.

பின்னால் ரிஸ்வானா. இரண்டு கையிலும் மருதாணி, தூக்கம் கெட்ட கண். "பாதி தெரியல தாத்தா. தெரிஞ்சத போட்டுட்டு வந்துட்டேன்" என்றது. கவலைப்பட்ட மாதிரியே இல்லை.

ஆவணி 4, புதன்

ரிசல்ட். சுபா மேல் வகுப்பு. ரிஸ்வானா கீழ் வகுப்பு, ஸ்கூல் கணக்கை முதலில் இருந்து சொல்லிக்கொடுத்து, பிறகுதான் காலேஜ் கணக்காம். மேல் வகுப்பு இரண்டாம் மாடியில், கீழ் வகுப்பு நிஜமாகவே தரையில். விடுவேனா.

"இன்னா பாய், உன் பேத்திக்கு தரை டிக்கெட்டு. எம்பேத்தி பால்கனி."

பாய் சிரித்தார், பல் மட்டும். "நல்லாருக்கட்டும்யா, ரெண்டும்."

மைசூர்பாக் வாங்கி ஸ்டாண்டு முழுக்கக் கொடுத்தேன். மல்லிகா அவள் லைன் முழுக்கக் கொடுத்தாள். சதீஷ் இரண்டு எடுத்துக்கொண்டான், நியாயம்தான்.

ஆவணி 9, திங்கள்

காலை வேலையில் இப்போது ஒரு ருசி. ரிஸ்வானா ஸ்கூட்டியை நிறுத்தும்போது தினம் ஒன்று. "வாம்மா தரை டிக்கெட்டு, இன்னிக்கி இன்னா படம், ரெண்டாம் வாய்ப்பாடா?" நேற்று முன்தினம்: "ஸ்லேட்டு பல்பம் எடுத்துக்கினியா?" ரயில் பிடிக்கிற கூட்டமே காத்திருந்து கேட்கிறது. அதுவும் சிரித்துக்கொண்டேதான் டோக்கன் வாங்குகிறது. சுபா பக்கத்திலேயே நிற்கும், பையைக் கட்டிக்கொண்டு.

பேங்க் அம்மாளே இன்று சிரித்துவிட்டாள். பெரிய வெற்றி.

டிபன் பாக்ஸ் மூடி ஒழுகுகிறது. கடைக்காரனைப் பிடிக்க வேண்டும்.

ஆவணி 11, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. லீவு. கொழுக்கட்டை. சுபா ஒன்றைப் பிய்த்துப் பிய்த்து வைத்திருந்தது, உள்ளே போனது கொஞ்சம்.

"மேக்ஸ் எப்டி போவுது?"

"போவுது தாத்தா."

எதிர்வீட்டு அம்மாள் பத்தாவது படிக்கும் மகனை இழுத்துவந்தாள், ஒரு கணக்கு சொல்லிக் கொடுக்கச் சொல்லி. "பால்கனிப் பொண்ணாச்சே" என்றாள். என் பேச்சு தெரு முழுக்கப் போயிருக்கிறது. சுபா தலைவலி என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

பித்தம் என்று நினைத்தேன். சுக்குத் தண்ணி வைத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

ஆவணி 16, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை.

மத்தியானம் பாய் கூப்பிட்டார். ஷட்டரைப் பாதி இறக்கினார். யாருக்கோ சாவு செய்தி என்று நினைத்தேன்.

"கோச்சிக்காத. ரிஸ்வானா சொல்லுச்சி. சுபா காலேஜுக்கே வர்றதில்லையாம்."

"காலைல எங்கண்ணு முன்னாலதான்யா ரயில் ஏறுச்சு."

"ஏறுது. வி.புரத்துல எறங்குது. பிளாட்ஃபாரத்துலயே ஒக்காந்துக்குது. சாயங்காலம் இதுங்ககூட திரும்பிடுது. போன வாரத்துலருந்து. சொல்லாதன்னு இதுகிட்ட சத்தியம் வாங்கிக்கினுகீது. இது நைட்டெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்துட்டு இன்னிக்கி காலைல எங்கிட்ட சொல்லிச்சி."

ஸ்டாண்டுக்குத் திரும்பினேன். டோக்கனை மாற்றிக் கொடுத்து இரண்டு பேரோடு பேஜாரு.

மல்லிகாவிடம் சொல்லவில்லை. சாயந்திரம் சுபா வந்தாள். "கிளாஸ் இருந்துச்சாம்மா?" "இருந்துச்சு." என்னைப் பார்த்தே சொன்னாள்.

ஆவணி 17, செவ்வாய்

ஸ்டாண்டைப் பாய் பார்த்துக்கொண்டார். சுபா போன வண்டிக்கு அடுத்த வண்டி. மயிலம், விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ரயிலைத் தள்ளலாமா என்று இருந்தது.

பிளாட்ஃபாரக் கடைசி பெஞ்சில் அவள். மடியில் பை. காலேஜ் அட்டையைத் துப்பட்டாவுக்குள் மறைத்திருந்தாள். காலை பத்து மணிக்கே மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்திருந்தாள். வேறு வேலை ஏது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "வண்டி லேட்டாம்மா?"

திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீ எங்க தாத்தா இங்க?"

"உங்க காலேஜ்ல எனக்கும் சீட் குடுத்துட்டாங்க."

சிரிக்கவில்லை. தானாகவே பேசினாள்.

"அந்த மேடம் போர்டுல ஆரம்பிக்கற எடமே எனக்குத் தெரிஞ்சது முடியற எடம் தாத்தா. எல்லாரும் தலையாட்டுறாங்க, நானும் ஆட்டறேன். ஒரு நா என்ன எழுப்பி கேட்டாங்க. பயத்துல 'டி'ன்னு சொல்லிட்டேன். 'இதுக்கு ஆப்ஷன் இல்லம்மா'ன்னாங்க. கிளாஸே சிரிச்சிடுச்சு. அதோட போவல."

"கீழ் வகுப்புக்கு மாத்துங்கன்னு கேக்கறதுதான?"

"கேக்கலாம். இந்த வாரம் வரைக்கும் மாத்துவாங்க. அப்பறம் முடியாது. வூட்லருந்து ஒருத்தர் வரணும்."

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்கிட்டயா?" ஒரு கூட்ஸ் வண்டி தடதடத்துப் போனது. "தெனம் காலைல ரிஸ்வானா வண்டி விடும்போது நான் பக்கத்துலதான் நிக்கறேன். நீ சொல்ற, ஸ்டாண்டே சிரிக்குது. நானும் சிரிக்கறேன். நாளைக்கி நான் கீழ போனா எனக்கு இன்னா பேர் வப்ப?"

காலி டிபன் பாக்ஸை எடுத்து, ஒழுகுகிற மூடியை அழுத்தி அழுத்தி மூடினேன்.

"நின்னுடறேன் தாத்தா. அம்மாகூட ஷூ கம்பெனிக்கி போறேன். அங்க யாரும் மேக்ஸ் கேக்க மாட்டாங்க."

"நாளைக்கி நான் வர்றேன். மேடத்தப் பாக்கலாம்."

"நீ பேசி கெடுத்துடுவ."

"பேசல."

"நீயா?" என்றாள். அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆவணி 18, புதன்

வெள்ளைச் சட்டை. செருப்பு பாயினுடையது, ஒரு சைஸ் பெரிது. கேட்டில் செக்யூரிட்டி: "யாரப் பாக்கணும்?" "நானும் ஃபர்ஸ்ட் இயரு" என்றேன். சுபா முழங்கையில் கிள்ளினாள். சரி, சரி.

கணக்கு மேடம் சின்னப் பெண். என் மல்லிகாவைவிட வயது கம்மி. முப்பதுக்கு இருபத்தெட்டு வாங்கிய பெண் ஏன் கீழே போக வேண்டும் என்று கேட்டார். சுபா தரையைப் பார்த்தாள். பேசமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். யாராவது பேச வேண்டுமே.

"மனப்பாடம் மேடம். கேள்வித்தாளு முன்னாடியே கெடச்சிது. ஏ, பி, சி, டின்னு கேட்டுக் கேட்டு ஏத்திவிட்டது நான்தான்."

"படிக்காம வாங்கன்னு மெசேஜ் போட்டோமே?"

"எந்த ஊர்லங்க வாத்தியாருங்க அப்பிடி சொல்லுவாங்க? எதோ சூதுன்னு டபுளா படிச்சிட்டோம்."

மேடம் கையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா, கோபமா தெரியவில்லை. கையை எடுத்தபோது கோபம்தான். "இது பரீட்சையே இல்ல பெரியவரே. செருப்புக் கடைல கால் அளவு எடுக்கற மாதிரி. பெரிய அளவு சொன்னா யாருக்குக் கஷ்டம்?" நான் பாயின் செருப்பை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"பேப்பர் யார் குடுத்தா?"

"ரோட்ல கெடந்துச்சுங்க."

நம்பவில்லை. விட்டுவிட்டார். ஒரு வெள்ளைத் தாளில் கையாலேயே ஆறு கணக்கு எழுதி சுபாவிடம் நீட்டினார். "ஆப்ஷன் கிடையாது. தெரிஞ்ச வரைக்கும் போடு. தெரியலன்னா தெரியலன்னு எழுது. அதுவும் பதில்தான்."

என்னை வெளியே போகச் சொன்னார். வராந்தாவில் நின்றேன். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எழுதினாள், அடித்தாள், பேனாவைக் கடித்தாள். ஸ்டாண்டில் ஒப்பித்தபோது ஒரு தரம்கூட இப்படி நின்று யோசித்ததில்லை.

உள்ளே கூப்பிட்டார். இரண்டு கணக்கு முழுசாக. ஒன்று பாதி. மீதி மூன்றிலும் "தெரியல" என்று குண்டு குண்டாக எழுதியிருந்தாள். மேடம் அந்தப் பாதிக் கணக்கைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த எடம் வரைக்கும் யோசிச்சிதான் வந்திருக்க. இங்கருந்து ஆரம்பிக்கலாம். நாளைலருந்து கீழ உக்காரு. வராத நாளுக்கு லீவு லெட்டர்."

கையெழுத்து போடச் சொன்னார்கள். எழுத்து கோணல்.

ரயிலில் சுபா ஜன்னலோரம். முண்டியம்பாக்கம் தாண்டியதும், "பேசல பேசலன்னுட்டு எல்லாத்தயும் நீதான பேசின" என்றாள். கோபமாக இல்லை.

ஆவணி 19, வியாழன்

மல்லிகாவிடம் சொன்னேன். சொல்லாமல் எத்தனை நாள்.

"கீழ் கிளாஸா? நீ போய் கையெழுத்து போட்டுட்டு வந்தியா? என்ன ஒரு வார்த்த கேட்டியாப்பா? லைன் ஃபுல்லா மைசூர்பாக் குடுத்துட்டு வந்துருக்கேன் நானு."

"துன்னவங்க திருப்பியா தரப்போறாங்க" என்றேன். வாய். அறுத்துப் போட வேண்டிய வாய்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். சுபா பின்னாலேயே போய், "ம்மா, நான்தாம்மா கேட்டேன்" என்றது கேட்டது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு மல்லிகா அழுதது கேட்டது.

ரசம் உப்புக் கரித்தது.

ஆவணி 21, சனி

மூட்டு வலி. சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தில் ஒரு மொபெட் இறங்கிவிட்டது, தூக்க நாலு பேர்.

ரிஸ்வானா வண்டி விட வந்தது. கூட்டம் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. டோக்கனைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

"இன்னா தாத்தா, இன்னிக்கி டிக்கெட்டு இல்லியா?"

"கவுண்டர் மூடியாச்சு."

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னது. "எரிச்சலாத்தான் இருந்துச்சு தாத்தா. சொல்லலாம்னா நீங்க பெரியவரு. சிரிச்சிட்டுப் போயிடுவேன்." ரயிலுக்கு நேரமாகிவிட்டது, ஜல்தியாக ஓடிவிட்டது.

பாயிடம் போனேன். "ஏன்யா, நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நீ யார் சொல்லி கேட்டுக்கீற? சொன்னா எனக்கும் ஒரு பேர் வச்சிருப்ப" என்று ஜெராக்ஸ் மிஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். செருப்பைத் திருப்பிக் கொடுத்தேன். டீ சொன்னார். குடித்தோம்.

மல்லிகாவிடம் இன்னும் பேச்சு இல்லை. சோறு போடுகிறாள், கரண்டியை டங்கென்று வைக்கிறாள்.

ஆவணி 23, திங்கள்

காலையில் நல்ல வெயில். மத்தியானத்துக்கு மேல் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

சாயந்திர வண்டியில் ரிஸ்வானா மட்டும் வந்தது. தனியாக. கூட்டம் முழுக்கத் தேடினேன். பிளாட்ஃபாரம், பெஞ்சு, எல்லாம் கண் முன்னால்.

"சுபா எங்கம்மா?"

"கிளாஸ்லயே கீறா தாத்தா. ஒரு கணக்கு வரலன்னு மேடத்த வுட மாட்டேங்கறா. மேடம் பஸ்ஸுக்குப் போவணும்னாங்க, இவ வழிய மறிச்சிக்கினு நிக்கறா. அடுத்த வண்டில வருவாளாம். உங்கள வூட்டுக்கு போயிடச் சொன்னா."

"பொய் சொல்லலியே?"

"சத்தியமா தாத்தா. நான் பாத்துட்டுதான் வந்தேன்."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மற்ற வண்டிகளும் போய், ஸ்டாண்டு காலி. மல்லிகா போன். ஐந்து நாளில் முதல் தடவை. "வந்துட்டாளா?" என்றாள். கணக்கு வரவில்லை என்று மேடத்தை மறித்துக்கொண்டு நிற்கிறாள் என்றேன். அந்தப் பக்கம் கரண்டியை வைக்கிற சத்தம், டங்கென்று இல்லை. "சரி, தோச மாவு கீது. கூட்டிக்கினு வா" என்று வைத்துவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. ஸ்பீக்கரில், வி.புரம் வண்டி தாமதம் என்று. பாய் ஷட்டரை இறக்கிவிட்டு, "போவலயாய்யா?" என்றார்.

போகவில்லை. வரட்டும்.